பார்சிலோனா, லண்டன், வெனிஸ், டொரோண்டோ: வீடு ஹோட்டலாவதைத் தடுக்க எந்த வழி பலிக்கும்?

வாடகை ஏறுகிறது, பல வருஷமாகக் குடியிருந்தவர்கள் காலி செய்கிறார்கள், அவர்கள் போன வீட்டு வாசலில் நம்பர் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டி ஒன்று தொங்குகிறது, மூன்று நாளைக்கு ஒரு புதுக் கூட்டம் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு மாடியேறுகிறது. பார்சிலோனா, லிஸ்பன், வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் என்று எந்த ஊரை எடுத்தாலும் இதேதான் நடக்கிறது. ஆனால் இதைச் சமாளிக்க ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு வழியைப் பிடித்திருக்கிறது. ஒன்று மொத்தமாகத் தடை போடுகிறது, ஒன்று வருஷத்துக்கு இத்தனை இரவுதான் என்கிறது, ஒன்று பழைய பேட்டைகளில் மட்டும் நிறுத்துகிறது, ஒன்று ஊருக்குள் வரவே கட்டணம் வாங்குகிறது, வேறு சில நகரங்கள் நீ குடியிருக்கும் வீட்டை மட்டும் பயணிகளுக்கு வாடகைக்கு விடு என்கின்றன. கிட்டத்தட்ட பத்து வருஷ அனுபவம் இப்போது கண்முன்னால் இருப்பதால், இவற்றில் எது வேலை செய்கிறது என்று ஓரளவு துணிந்தே சொல்லலாம். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசியாகச் சொன்ன வழிதான் சரி. எத்தனை இரவு விடுகிறார் என்று எண்ணுவதைவிட அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று கேட்கும் நகரம்தான் தன் வீடுகளைக் காப்பாற்றிக்கொள்கிறது.

எந்த விதியாக இருந்தாலும் அது வீட்டுக்காரரின் கணக்கை மாற்றினால்தான் பலிக்கும், அதனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. மாதம் 1,200 யூரோ வாடகை வரக்கூடிய ஒரு ஃப்ளாட், வருஷத்துக்கு 14,400. அதையே பயணிகளுக்கு இரவு 120 யூரோவுக்கு விட்டு, 220 இரவு நிரம்பினால் 26,400 வரும். சுத்தம் செய்ய, படுக்கை விரிப்பு வெளுக்க, ஏர்பிஎன்பி, புக்கிங் போன்ற இணையத் தளங்களுக்குக் கமிஷன் கொடுக்க என்று மூன்றில் ஒரு பங்கு போய்விட்டாலும் 17,600 கையில் நிற்கும். கூடவே குடித்தனக்காரர் காலி செய்ய மாட்டேன் என்பாரோ, கோர்ட்டுக்குப் போவாரோ என்ற கவலையும் இல்லை. இந்த 3,200 யூரோ வித்தியாசம்தான் ஒரு குடும்பம் இருந்த இடத்தைச் சக்கரப் பெட்டிக்குக் கொடுக்கிறது. வீட்டுக்காரர் பேராசைக்காரராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இப்போது இரவு வரம்பைப் பார்ப்போம். நகரங்களுக்கு முதலில் தோன்றியது இதுதான், காரணம் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, யாருக்கும் பெரிதாகக் கோபம் வராது. லண்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷத்துக்கு 90 இரவு, ஆம்ஸ்டர்டாமில் 2019 முதல் 30 இரவு, பாரீஸில் 120 ஆக இருந்தது 2025 ஜனவரியில் 90 ஆனது, ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டப்படி 180 நாள். நம் கணக்கில் 180 இரவு என்றால் செலவு போக 14,400, அதாவது மாத வாடகைக்கு அப்படியே சமம். 90 என்றால் 7,200தான், பாதி. அப்படியானால் 90 இரவு வரம்பு போட்டாலே வீடு குடித்தனத்துக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லையா? திரும்பாது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் பயணிகளுக்கு விட்டுவிட்டு, மீதி ஒன்பது மாதத்துக்கு ஒரு மாணவரையோ தற்காலிக வேலைக்கு வந்தவரையோ வைத்தால் 7,200உம் 10,800உம் சேர்ந்து 18,000. வருஷம் முழுக்கப் பயணிகளுக்கு விட்டவரைவிட அதிகம்! அந்த வீட்டில் ஒரு குடும்பம் நிரந்தரமாகக் குடியேற வழியே இல்லை, சட்டமும் மீறப்படவில்லை.

லண்டனில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஏர்பிஎன்பி 2017 முதல் 90 இரவு முடிந்ததும் தானாகவே கணக்கை நிறுத்துகிறது, சரி. ஆனால் அதே வீட்டை வேறொரு தளத்தில் போட்டால் அங்கே எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பல வருஷமாகப் பதிவேடு என்று ஒன்று இருக்கவில்லை. எண்ண ஆளில்லாத வரம்பு வெறும் வேண்டுகோள்தான். பாரீஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருந்தது: ஒவ்வொரு விளம்பரத்திலும் பதிவு எண் இருக்கவேண்டும் என்றது, எண் இல்லாத விளம்பரங்களை விட்டுவைத்ததற்காக 2021 ஜூலையில் நீதிமன்றம் ஏர்பிஎன்பிக்கு 80 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஜப்பானில் நடந்தது இதைவிடத் தெளிவு. சட்டம் அமலாவதற்குச் சில நாள் முன்பு எண் இல்லாத விளம்பரங்களை எல்லாம் தளம் தூக்கியதில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒரேயடியாக மறைந்தது. அதைச் சாதித்தது 180 நாள் வரம்பு என்று பலர் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, வேலை செய்தது அந்தப் பதிவு எண்.

அடுத்தது முழுத் தடை. பார்சிலோனா மேயர் ஜாவ்மே கோல்போனி 2024 ஜூனில் ஓர் அறிவிப்பு விட்டார்: நகரத்தில் உரிமம் வாங்கிய 10,101 சுற்றுலா ஃப்ளாட்டுகள் இருக்கின்றன, 2028 நவம்பரோடு அவற்றின் உரிமம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. பத்து வருஷத்தில் வாடகை 68 சதவீதமும் வீட்டு விலை 38 சதவீதமும் ஏறியதை அவர் காரணமாகக் காட்டினார். இதற்கு அடித்தளம் பார்சிலோனா இருக்கும் கட்டலோனியா மாநில அரசு 2023 நவம்பரில் கொண்டுவந்த ஆணை, அதை எதிர்த்துப் போட்ட வழக்கை ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, சட்டப்படி பாதை திறந்திருக்கிறது.

வீட்டுக்காரர்கள் தரப்பில் ஒரு வாதம் வைக்கிறார்கள், அதை லேசாகத் தள்ளக்கூடாது. பார்சிலோனாவில் சுமார் 8 லட்சம் வீடுகள் இருக்கின்றன, அதில் பத்தாயிரம் என்பது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், இது எப்படி ஊர் வாடகையையே ஏற்றும் என்கிறார்கள். பதில் பார்சிலோனாவைப் பற்றி 2020இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வில் இருக்கிறது. ஏர்பிஎன்பி வந்ததால் சராசரிப் பகுதியில் வாடகை 1.9 சதவீதம்தான் ஏறியது, ஆனால் அந்த விளம்பரங்கள் மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் வாடகை 7 சதவீதமும், வீடுகள் கைமாறிய விலை 17 சதவீதமும் ஏறின. அதாவது ஊர் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் சின்ன எண், எஷாம்ப்ளா என்ற பேட்டையிலும் பழைய நகரத்திலும் போய்ப் பார்த்தால் பெரிய எண். ஒருவர் பத்து தெரு தள்ளிப் போகவேண்டி வந்தால் அவர் பிள்ளையின் பள்ளி மாறுகிறது, வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் போய்விடுகிறார். சராசரி எண்ணில் இது எதுவும் தெரியாது.

ஆனாலும் முழுத் தடையை நான் முதல் வழியாகச் சொல்லமாட்டேன். பார்சிலோனாவில் 2024 மார்ச்சில் வாடகைக்கு உச்சவரம்பு வந்தபோது ‘பருவகால வாடகை’ என்ற ஒப்பந்தம் அந்த வரம்புக்குள் வராமல் நழுவியது, ஒரு மாதத்துக்கு மேல் பதினொரு மாதம் வரைக்குமான ஒப்பந்தம் அது, வீட்டுக்காரர்கள் கூட்டமாக அதற்குத் தாவினார்கள். சுற்றுலா உரிமம் போன ஃப்ளாட்டும் அந்தப் பக்கம்தான் சாயும், நகரம் அந்தக் கதவையும் சாத்தினால் ஒழிய. இன்னொன்று, முழுத் தடை என்பது தன் சொந்த வீட்டை விடுமுறையில் இரண்டு வாரம் விட்டுச் செலவைச் சமாளிக்கும் ஆசிரியரையும் பதினைந்து ஃப்ளாட்டை வளைத்துப் போட்ட கம்பெனியையும் ஒரே தட்டில் வைக்கிறது. பார்சிலோனா 2021இலேயே தன் வீட்டில் ஓர் அறையைப் பயணிக்கு விடுவதைக்கூட நிறுத்திவிட்டது. அறையை விடுகிறவர் அதே வீட்டில்தான் குடியிருக்கிறார், அதனால் ஊருக்கு ஒரு வீடும் குறையவில்லை, பிறகு எதற்கு அந்தத் தடை?

சிங்கப்பூரில் தடை நன்றாகவே வேலை செய்கிறது என்பது உண்மை. அரசு கட்டிய வீட்டுவசதி வாரிய அடுக்குமாடிகளில் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீடுகளில் குறைந்தது மூன்று மாதம், அதற்குக் கீழே வாடகைக்கு விடக்கூடாது, 2018இல் இரண்டு பேருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம் விழுந்தது. ஆனால் அங்கே பெரும்பாலான மக்கள் குடியிருப்பதே அரசு வாரிய வீட்டில், விதியும் இந்தத் தொழில் வளர்வதற்கு முன்பே இருந்தது. பத்தாயிரம் உரிமத்தைத் தானே கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கவேண்டிய நகரத்துக்கு அந்த வசதி கிடையாது.

லிஸ்பன் நடுவில் ஒரு வழியைப் பிடித்தது: 2018இல் வந்த சட்டத்தை வைத்து ஆல்ஃபாமா, மோராரியா, பைரோ ஆல்ட்டோ மாதிரியான பழைய பேட்டைகளில் மட்டும் புதுப் பதிவுகளை நிறுத்தியது. யோசனை நல்லதுதான், நோய் இருக்கிற இடத்தில் மருந்து. செய்த விதம் கெட்டுப்போனது. நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்ததற்கும் நிறுத்தம் அமலானதற்கும் இடையில் கிடைத்த அவகாசத்தில், இதுவரை விட எண்ணம் இல்லாதவர்கள்கூட ஓடிப்போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். மேலும் அந்தப் பேட்டைகளில் போகவேண்டியது ஏற்கெனவே போயிருந்தது. 2012இல் பழைய குடித்தனக்காரர்களைக் கிளப்புவதை எளிதாக்கிய வாடகைச் சட்டம், அதே வருஷம் 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி தரும் தங்க விசா, 2014இல் சுற்றுலா வாடகையைச் சுலபமாக்கிய பதிவு முறை, மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. லிஸ்பனைப் பற்றிப் பேசும்போது ஏர்பிஎன்பியை மட்டும் திட்டுவது பாதி உண்மைதான், கதவைத் திறந்துவிட்டது அரசு. பிறகு 2023இல் அரசு கடுமையான விதிகள் கொண்டுவந்தது, ஆட்சி மாறியதும் 2024இல் அவற்றில் பெரும்பகுதி கழற்றப்பட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் விதியை எந்த வீட்டுக்காரரும் பயந்து மதிக்கமாட்டார்.

நுழைவுக் கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெனிஸ் 2024இல் 29 நாட்களுக்கு 5 யூரோ வாங்கிப் பார்த்தது, அடுத்த வருஷம் 54 நாட்களுக்கு நீட்டியது. ஊரில் இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது, பகலில் வந்து போகிறவருக்கு மட்டும்தான். அப்படியானால் வீட்டைச் சுற்றுலா ஃப்ளாட்டாக மாற்றியவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, சொல்லப்போனால் அவருக்கு லாபம். 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த பழைய வெனிஸில் 2022இல் மக்கள்தொகை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. கூட்ட நெரிசலும் வீட்டுப் பஞ்சமும் ஒரே சுற்றுலாவிலிருந்து வந்தாலும் இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். நம் பக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே, அதுவும் வண்டிகளை எண்ணுகிற ஏற்பாடுதான். மலைச்சாலைக்கு அது நல்லது, ஆனால் கொடைக்கானலில் எத்தனை வீடு காட்டேஜாக மாறிவிட்டது என்ற கேள்வியை அது தொடாது.

சரி, ‘குடியிருக்கும் வீடு மட்டும்’ என்ற வழிக்கு வருகிறேன். இதிலும் மூன்று ரகம் இருக்கிறது, வித்தியாசம் முக்கியமானது.

நியூயார்க்கின் விதி கடுமையானது. 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்கவேண்டும், விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது, நகரத்திடம் பதிவு செய்திருக்கவேண்டும். 2023 செப்டம்பரில் அமலானது. இதன் உயிர் எங்கே இருக்கிறதென்றால், பதிவில்லாத வீட்டுக்குத் தளங்கள் பணப் பரிவர்த்தனையே செய்யக்கூடாது, செய்தால் அபராதம் அவர்களுக்கும் உண்டு. 20,000க்கு மேல் இருந்த குறுகிய கால விளம்பரங்கள் சில ஆயிரமாகச் சுருங்கின. அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும்: ஏராளமான வீடுகள் ‘குறைந்தது 30 நாள்’ என்று பலகையை மாற்றிக்கொண்டன, ஹோட்டல் கட்டணம் ஏறியது, கொஞ்சம் கூட்டம் ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சி பக்கம் போனது, வாடகை இறங்கவில்லை. 2023இல் நகரம் எடுத்த கணக்கில் காலியாக இருந்த வாடகை வீடுகள் வெறும் 1.4 சதவீதம், இத்தனை பெரிய பற்றாக்குறையைச் சில ஆயிரம் வீடு திரும்பி வந்து தீர்க்க முடியாது. புரூக்ளினிலும் குயின்ஸிலும் இரண்டு குடும்ப வீட்டின் ஒரு மாடியைப் பயணிகளுக்கு விட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருந்த சிறு வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்ததும் உண்மை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அந்தக் கோபத்தை முன்கூட்டியே யோசித்தது. 2024 மே முதல், 10,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் நீங்கள் வசிக்கும் வீட்டை விடலாம், கூடவே அதே இடத்தில் இருக்கும் தனிப் பகுதி ஒன்றையும், பேஸ்மென்டோ பின்கட்டு வீடோ, விடலாம். கேட்பதற்கு இதுதான் நியாயமான சமரசம் போலத் தெரிகிறது.

டொரோண்டோ இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, நான் டொரோண்டோ பக்கம். அங்கே 2021 முதல், நீங்கள் வசிக்கும் வீட்டை மட்டும்தான் 28 நாளுக்குக் குறைவாக விடலாம், முழு வீடென்றால் வருஷத்துக்கு 180 இரவு, ஆனால் மேலே நீங்கள் இருந்துகொண்டு கீழே தனி வாசலும் சமையலறையும் உள்ள பேஸ்மென்டைப் பயணிகளுக்கு விட முடியாது, அந்த பேஸ்மென்டில் குடியிருப்பவர்தான் அதை விடலாம். டொரோண்டோவின் ஸ்காப்ரோ பகுதியில் வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது எரிச்சலூட்டும் விதி என்பது தெரியும். என் வீடு, என் பேஸ்மென்ட், தவணை நான் கட்டுகிறேன், வேறு மாகாணத்தில் முடியும்போது எனக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்பது இயல்புதான். ஆனால் அதே ஸ்காப்ரோ பேஸ்மென்டுகள் எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வீடாக இருந்தன என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். போரிலிருந்து தப்பி வந்தவர்கள், கையில் காசும் கடன் வரலாறும் இல்லாதவர்கள், தெரிந்தவர் ஒருவரின் பேஸ்மென்டில்தானே வாழ்க்கையைத் தொடங்கினார்கள். இன்று வரும் மாணவருக்கும் அகதிக்கும் அந்த முதல் படி அப்படியே வேண்டும். தனி வாசல் உள்ள பேஸ்மென்ட் ஒரு முழு வீடு, அதைப் பயணிக்குக் கொடுத்தால் ஊருக்கு ஒரு வீடு குறைகிறது, மேல்மாடியில் சொந்தக்காரர் இருப்பதால் அந்தக் குறை நிரம்பிவிடாது. பிரிட்டிஷ் கொலம்பியா கோட்டை விட்டது இங்கேதான்: வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டது, அந்த வீட்டுக்குள் இருக்கிறாரா என்று கேட்கவில்லை.

சுற்றுலாவை நம்பித்தானே இந்த ஊர்கள் பிழைக்கின்றன, கட்டுப்படுத்தினால் வேலை போகுமே என்பவர்கள் ஸ்பெயினின் இபீசா தீவைப் பார்க்கவேண்டும். அங்கே ஹோட்டலில் அறை கூட்டுகிறவர்களும் சமையல் செய்கிறவர்களும் வாடகைக்கு வீடு கிடைக்காமல் கூடாரத்திலும் வண்டியிலும் தூங்குகிறார்கள், 2024 ஜூலையில் அப்படிப்பட்ட ஒரு கூடாரக் குடியிருப்பையும் அதிகாரிகள் காலி செய்தார்கள். வேலை இருக்கிறது, வேலைக்காரர் தலை சாய்க்க இடம் இல்லை என்றால் அந்தச் சுற்றுலாவும் நிலைக்காது.

ஆக, ஒரு நகரம் என்னைக் கேட்டால் இந்த வரிசையில் சொல்வேன். முதலில் பதிவு எண், எண் இல்லாத விளம்பரத்துக்குத் தளமே பொறுப்பு என்ற விதி. இது இல்லாமல் மற்ற எதையும் தொடங்கவே வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியமும் பதிவு எண்ணையும் தளங்கள் தகவலைப் பகிர்வதையும் 2026 மே 20 முதல் பொது விதியாக்கியிருக்கிறது. அதன் மேல் டொரோண்டோ பாணியில் குடியிருக்கும் வீடு மட்டும், அதில் ஓர் அறையை விடுவதற்கு எந்தத் தடையும் வேண்டாம். அதே சட்டத்திலேயே ஒன்றிலிருந்து பதினொரு மாதம் வரைக்குமான ஒப்பந்தத்துக்கும் வழக்கமான வாடகை விதிகள் பொருந்தும் என்று எழுதிவிடவேண்டும், உண்மையிலேயே படிக்கவோ சிகிச்சைக்கோ வந்தவர் அதற்கான ஆதாரத்தைக் காட்டினால் விலக்கு. இரவு வரம்பு கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். பழைய பேட்டைகளில் நிறுத்தம் வேண்டுமென்றால் அறிவிக்கிற நாளிலேயே அமலாக வேண்டும், லிஸ்பனில் கொடுத்த இடைவெளி கூடாது. ஏற்கெனவே கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கிவிட்டவர்களுக்கு மட்டும் அவகாசம் கொடுக்கலாம், பெர்லின் 2014இல் தன் சட்டத்தை அமல்படுத்தி 2016 வரை இரண்டு வருஷம் கொடுத்தது, பார்சிலோனா ஐந்து வருஷம் கொடுத்திருக்கிறது. எனக்கு பெர்லினின் இரண்டு வருஷம் போதும் என்று படுகிறது, அதற்குள் ஒரு ஃப்ளாட்டை விற்கவோ குடித்தனத்துக்கு விடவோ முடியும், வீடு தேடுகிறவரிடம் போய் இன்னும் ஐந்து வருஷம் பொறு என்று சொல்ல முடியாது.